ஓப்பன் வாட்டர் முடிச்சாச்சு, கையில 45 ஆயிரம் இருக்கு, முதல்ல எந்த சாமான் வாங்கறது?

டோல்கேட்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டை, மணலியில ஒரு கண்டெய்னர் யார்டுல வேலை பாக்கறேன். போன மாசம் பாண்டிச்சேரியில நாலு நாள் தங்கி ஸ்கூபா டைவிங்ல முதல் கட்டமான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்சேன், இதுவரைக்கும் மொத்தம் ஆறு டைவ், அதிகபட்சம் 16 மீட்டர். எங்க அப்பா காசிமேட்டுல லாஞ்சுல போறவரு. நான் சின்னப்பையனா இருக்கும்போதுலேருந்து "அங்க கடலடியில கல்லுப்பார் இருக்கு, வலை மாட்டும், ஆனா மீனு அங்கதான் நிக்கும்"னு சொல்லிட்டே இருப்பாரு. முப்பது வருஷமா அந்த பாருக்கு மேல போயிட்டு வர்ற மனுஷன், அதை ஒரு தடவை கூட கண்ணால பாத்ததில்ல. நான் பாண்டியில முதல் தடவை கீழ போயி ஒரு பார பாத்துட்டு வந்து வீட்ல சொன்னப்போ அவரு சாப்பிடறத நிறுத்திட்டு கேட்டாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இத விடக்கூடாதுன்னு.

இப்ப விஷயத்துக்கு வரேன். கோர்ஸ்ல குடுத்த வாடகை மாஸ்க் எனக்கு சரியாவே உக்காரல, மூணாவது டைவ் முழுக்க மூக்குக்கு கீழ தண்ணி ஏறிட்டே இருந்துச்சு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதி ஊதி வெளியேத்துனேன், பக்கத்துல ஒரு பெரிய கொடுவா போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க நான் பாக்கவே இல்ல. அதுவும் இல்லாம எனக்கு கண்ணு மைனஸ் 2.5, ரெண்டு பக்கமும். மீசையும் இருக்கு.

ரெண்டு வருஷமா சேத்து வெச்சது 45 ஆயிரம் இருக்கு. பாரிஸ் கார்னர் பக்கம் ஒருத்தர் கப்பல்லேருந்து வந்த சாமான்னு ஒரு ஃபுல் செட்டு 38 ஆயிரத்துக்கு தரேன்றாரு, மிதக்க வைக்கற ஜாக்கெட், ரெகுலேட்டர் (சிலிண்டர் காத்த வாய்க்கு கொண்டு வர்றது), ஒரு அலுமினிய சிலிண்டர், வெயிட் பெல்ட் எல்லாம் சேத்து. புதுசா வாங்குனா லட்சத்துக்கு மேல ஆகும்னு சொல்றாரு, அதுவும் உண்மைதான். வாங்கிடலாமா? இல்ல ஒண்ணொண்ணா சேக்கலாமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க, அவருக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.

ஒத்தமூச்சு:

தம்பி, வாழ்த்துக்கள். நான் திருவொற்றியூர்தான், ஒம்பது வருஷமா டைவ் பண்றேன், டைவ்மாஸ்டர் முடிச்சு சீசன்ல புது ஆளுங்கள கூட்டிட்டுப் போறேன். முதல்ல ஒண்ணு, ஞாயித்துக்கிழமைன்னு அவரு சொன்னா அது அவரோட அவசரம், உனக்கு எந்த அவசரமும் கிடையாது. சாமான மூணு விதமா பிரிச்சுப் பாரு, உன் உடம்போட ஒட்டுறது, உன்னை எச்சரிக்கை பண்றது, உனக்கு மூச்சு குடுக்கறது. முதல் ரெண்டையும் இப்ப சொந்தமா வாங்கு. மூணாவது வாடகைக்கு எடு, ஒரு நாப்பது அம்பது டைவ் வரைக்கும்.

மாஸ்க்தான் நம்பர் ஒண்ணு, உனக்கு மூணாவது டைவ்ல நடந்ததே அதுக்கு சாட்சி. மாஸ்க்கோட விலையையோ பேரையோ பாக்காத, உன் மூஞ்சிக்கு உக்காருதான்னு மட்டும் பாரு. கடையில கண்ணாடிக்கு முன்னாடி நின்னுட்டு, ஸ்ட்ராப்ப பின்னாடி போடாம முன்பக்கமா தூக்கி விட்டுட்டு, மாஸ்க்க மூஞ்சியில மெதுவா வெச்சு மூக்கால லேசா ஒரு இழு இழுத்து மூச்ச நிறுத்து, கைய எடு. கீழ விழாம ஒட்டி நின்னுச்சுன்னா பொருந்துதுன்னு அர்த்தம். பலமா இழுத்தா எந்த மாஸ்க்கும் ஒட்டும், அதனால லேசாதான் இழுக்கணும். அப்புறம் ரெகுலேட்டர் வாயில கடிச்ச மாதிரி வாய வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை பாரு, ஏன்னா வாய திறந்தா கன்னத்தோட வடிவமே மாறும், நிறைய பேருக்கு அங்கதான் லீக் ஆரம்பிக்குது. நெத்தியில முடி மாட்டிக்கிட்டாலும் லீக் ஆகும். கண்ணாடி டெம்பர்டு கிளாஸா இருக்கணும், ஓரம் சிலிக்கானா இருக்கணும், மூக்கு உள்ள அடங்கியிருக்கணும். நீச்சல்குளத்து காகுள்ஸ் ஏன் ஆகாதுன்னா மூக்கு வெளிய இருக்கு, 10 மீட்டர் இறங்குனாலே அழுத்தம் ரெட்டிப்பு, உள்ள இருக்கற காத்து பாதியா சுருங்கும், மூக்கால ஊதி அந்த இடத்த நிரப்ப முடியலன்னா கண்ணோட ரத்தக்குழாய்ங்க வெடிச்சு வெள்ளையெல்லாம் சிவப்பா ஆயிடும்.

மீசைய முழுசா எடுக்க வேணாம், மூக்குக்கு நேர் கீழ ஒரு கோடு மாதிரி கொஞ்சம் மேல்பக்கம் மட்டும் மழிச்சுக்கோ, சிலிக்கான் தோல்ல ஒட்ட இடம் வேணும் அவ்வளவுதான். சில பேரு வாசலின் தடவச் சொல்லுவாங்க, தடவாத, பெட்ரோலியம் சாமான் ரப்பர கெடுக்கும்.

பவருக்கு, ரெண்டு கண்ணாடி தனித்தனியா இருக்கற மாஸ்க்கா பாரு, ஒரே அகலக் கண்ணாடி வேணாம். ரெண்டு ஜன்னல் மாடல்ல பல கம்பெனிங்க ரெடிமேட் பவர் லென்ஸ் 0.5 இடைவெளியில தராங்க, மைனஸ் 2.5 சாதாரணமா கிடைக்கும், பழைய கிளாஸ கழட்டிட்டு இத மாட்டிக்கலாம். தண்ணிக்குள்ள எல்லாம் மூணுல ஒரு பங்கு பெருசா தெரியும்ன்றதால கால் பாயின்ட் கம்மியா இருந்தாக்கூட கஷ்டம் தெரியாது. கண்ணுல சிலிண்டர் பவர் இருந்தா மட்டும் கண் டாக்டர்கிட்ட கேட்டுட்டு எடு.

வாங்குன அன்னைக்கே இன்னொரு வேலை. புது கண்ணாடி மேல ஃபேக்டரியிலேருந்து வர்ற ஒரு மெல்லிசான சிலிக்கான் படலம் இருக்கும், அது போகலன்னா எத்தன தடவ எச்சில் துப்பித் தேச்சாலும் பனி மூடும். வெள்ளை டூத்பேஸ்ட், ஜெல் கிடையாது, விரல்ல எடுத்து உள்பக்கம் ரெண்டு நிமிஷம் நல்லா தேய், கழுவு, திரும்பத் தேய், நாலு தடவ. லைட்டர் வெச்சுப் பொசுக்கற வீடியோ பாப்ப, அத நீ பண்ணாத, ஓரத்து சிலிக்கான் போயிடும்.

இப்ப அந்த ஃபுல் செட்டு. வாங்காதேன்னு சொல்றேன். ரெகுலேட்டர்ல ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்னு ஒரு பித்தள உருளை இருக்குல்ல, அது 200 பார் (அழுத்தத்தோட அளவு) காத்த சுமார் 9, 10 பாருக்கு குறைச்சு ஹோஸுக்கு அனுப்புது, செகண்ட் ஸ்டேஜ்தான் அத நம்ம ஆழத்து அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி மூச்சுக்கு குடுக்குது. உள்ள இருக்கறதெல்லாம் சின்னச் சின்ன ஓ-ரிங், சீட்டு, டயஃப்ரம். ஓட்டாம வெச்சிருந்தாலும் ரப்பர் இறுகும், உப்பு ஒருதரம் உள்ள போச்சுன்னா மெதுவா அரிச்சுக்கிட்டே இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அல்லது நூறு டைவுக்கு ஒருமுறை சர்வீஸ் பண்ணணும், அந்த மாடலுக்கு பார்ட்ஸ் கிடைக்கலன்னா அது வெறும் பேப்பர் வெயிட்டு. சிலிண்டர் இன்னும் மோசம். எப்போ ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தத்துல சிலிண்டர் தாங்குதான்னு பாக்கறது) பண்ணாங்கன்னு கழுத்துல தேதி குத்தியிருக்கும், அது இல்லன்னாலோ காலாவதி ஆயிருந்தாலோ ஒழுங்கான எந்த இடத்துலயும் காத்து நிரப்பித் தர மாட்டாங்க, தரக்கூடாது. 80கள்ல செஞ்ச பல அலுமினிய சிலிண்டர் 6351ன்ற கலவையில வந்தது, அதுக்கு கழுத்துல விரிசல் விடற வரலாறே இருக்கு. ஒரு சாதாரண அலுமினியம் 80 சிலிண்டர்ல 11 லிட்டர் இடத்துல 207 பார் அடைச்சிருக்கும், ரெண்டாயிரத்து இருநூறு லிட்டருக்கு மேல காத்து. அது வெடிச்சா என்ன ஆகும்னு யோசி. வீட்ல சிலிண்டர் உனக்கு எதுக்கு தம்பி, டைவ் போற எல்லா இடத்துலயும் சிலிண்டரும் வெயிட்டும் அவங்களே தருவாங்க.

டோல்கேட்_பையன்:

அண்ணா ரொம்ப நன்றி, இவ்ளோ விளக்கமா யாரும் சொன்னதில்ல. ஒரே ஒரு சந்தேகம். அந்த ஆளு ரெகுலேட்டர வாயில வெச்சு ஊதிக் காட்டுனாரு, நல்லாதான் இருந்துச்சு. அப்புறம் காத்து நிரப்பறதுக்கு, எங்க தெருவுல பஞ்சர் கடையில கம்ப்ரசர் இருக்கு, அப்பாவுக்கு தெரிஞ்ச ஒருத்தர் போட்லயும் கம்ப்ரசர் வெச்சிருக்காரு, அதுல முடியாதா? மீன்பிடி தடைக்காலத்துல அப்பா 61 நாளு சும்மாதான் இருப்பாரு, ஏப்ரல் பாதியிலேருந்து ஜூன் பாதி வரைக்கும், அப்போ சொந்தக்காரர் ஃபைபர் போட்டுல போயி பாருல இறங்கலாம்னு ஒரு ஆச.

எர்ணாவூர்காரன்:

தம்பி கொஞ்சம் நில்லு. கம்ப்ரசர்னு நீ சொன்னதால தான் இத எழுதறேன், இல்லன்னா இந்தப் பக்கம் சும்மா படிச்சிட்டு போயிடுவேன்.

எங்க அம்மா வூட்டு சைடு தூத்துக்குடி. மாமா ஒருத்தரு சங்கு குளிக்கப் போவாரு. அந்த காலத்துல மூச்ச அடக்கித்தான் குளிச்சாங்க, அப்பால போட்டுல கம்ப்ரசர் வந்துச்சு, ஒரு நீட்டு டியூப வாயில கடிச்சிக்கினு எறங்குவாங்க. காத்து தீரவே தீராது, அதான் அதுல இருக்கற ஆபத்தே. உனக்கு சிலிண்டர் தீந்தா மேல வந்துதான் ஆகணும், அவருக்கு யாரும் வான்னு சொல்ல மாட்டாங்க. சங்கு நெறைய இருந்தா கீழயே இருப்பாரு, மணிக்கணக்குல, அப்பால சட்டுனு மேல, திரும்ப கீழ, ஒரு நாளைக்கு எத்தினி தடவன்னு கணக்கே இல்ல. ஒரு நாளு கரைக்கு வந்து வலை மூட்ட மேல குந்தினு டீ குடிச்சிட்டு எழுந்திருக்கச் சொல்லோ ரெண்டு காலும் இல்லாத மாதிரி ஆயிடுச்சாம். தோள்பட்ட உடைஞ்ச மாதிரி வலி. கோலி சோடாவ தட்டுனா குபுகுபுன்னு பொங்குதுல்ல, அதே தான் ஒடம்புக்குள்ள நடக்குது, அழுத்தத்துல ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் மெதுவா வெளிய போறதுக்கு டயம் குடுக்கல. அவரு இப்பவும் கம்பு ஊனித்தான் நடக்கறாரு, வயசு அம்பது கூட இல்ல.

அந்த காத்து வேற இன்னா காத்துன்னு நினைக்கற? பஞ்சர் கடை கம்ப்ரசர்ல எண்ணெய் ஆவி வரும், அதுல வடிகட்டி கெடையாது, டயருக்கு அது போதும், நுரையீரலுக்கு போதாது. அதும் உன் சிலிண்டருக்கு 200 பார் வேணும், அந்த மெஷினு பத்து பார் தாண்டாது. போட்டுல இருக்கறது டீசல் எஞ்சின் பக்கத்துலயே குந்தினு இருக்கும், காத்து திரும்புனா பொகைய உள்ள இழுக்கும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கெடையாது. மேல இருக்கச் சொல்லோ ஒண்ணும் தெரியாத அளவு கூட 20 மீட்டர்ல மூணு மடங்கு வேகத்துல வேல செய்யும். அந்த வேலைக்கு போவாத பா. ஒங்க அப்பா கடல்ல பொழைக்கறவரு, அவருகிட்ட இத அப்பிடியே படிச்சிக் காட்டு, அவருக்கு புரியும்.

ஒத்தமூச்சு:

எர்ணாவூர் அண்ணன் சொன்னதுக்கு மேல அதுல சொல்ல எதுவும் இல்ல.

அந்த ரெகுலேட்டர் விஷயத்துல, ஊதிக் காட்டறது டெஸ்டே கிடையாது. உனக்கே பாக்கணும்னு இருந்தா வாங்கறதுக்கு இல்ல, கத்துக்கறதுக்கு போயி மூணு விஷயம் பாரு. ஒண்ணு, சிலிண்டர்ல மாட்டாம, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாய்ல அந்த டஸ்ட் கேப்ப இறுக்கமா மூடிட்டு செகண்ட் ஸ்டேஜ வாயில வெச்சு உறிஞ்சு, காத்து வரவே கூடாது, வந்தா எங்கயோ கிழிஞ்சிருக்கு. ரெண்டு, ஹோஸ ரெண்டு முனையிலயும், உலோகம் சேர்ற இடத்துல, மடக்கிப் பாரு, பொடிப்பொடியா வெடிப்பு தெரியும். மூணாவது, இதுதான் முக்கியம், டஸ்ட் கேப்ப கழட்டிட்டு காத்து உள்ள போற ஓட்டைக்குள்ள ஃபோன் டார்ச் அடிச்சுப் பாரு, வட்டமா ஒரு சின்ன உலோக வடிகட்டி தெரியும். சுத்தமா வெள்ளி நிறமா இருக்கணும். செம்பழுப்பா இருந்தா ஏதோ இரும்பு சிலிண்டரோட துரு உள்ள வந்திருக்கு. கருப்பா இருந்தா கம்ப்ரசர் ஃபில்டரோட கரித்தூள். பச்சையா இருந்தா உப்புத்தண்ணி உள்ள போயி பித்தளைய அரிச்சிருக்கு, அத தொடாத.

உப்புக்காத்து:

நான் ராயபுரம், மூணு வருஷமா டைவ் பண்றேன், பொண்ணுங்க இந்தப் பக்கம் கம்மிதான் அதனால என் பங்குக்கு கொஞ்சம் எழுதறேன். நானும் மைனஸ் 3 தான், பவர் லென்ஸ் போட்ட நாள்தான் எனக்கு உண்மையான முதல் டைவ்னு சொல்லுவேன், அதுக்கு முன்னாடி பாத்ததெல்லாம் கலரு கலரா ஏதோ அசையுதுன்ற அளவுதான். ஆன்லைன்ல முழு மூஞ்சியையும் மூடற ஸ்நார்க்கல் மாஸ்க் ஒண்ணு ரெண்டாயிரத்துக்குள்ள வரும், கண்ணாடிக்காரங்களுக்கு வசதின்னு போட்டிருப்பான், அது மேல மிதக்கறதுக்கு மட்டும்தான், அத போட்டு ஸ்கூபா பண்ண முடியாது, அதுல ஏமாந்துடாதீங்க.

ஃபின் (கால்ல மாட்டற துடுப்பு) வாங்கும்போது ரெண்டு வகை, காலையே செருப்பு மாதிரி உள்ள விடற ஃபுல் ஃபுட், அப்புறம் பின்னாடி ஸ்ட்ராப் வெச்ச ஓப்பன் ஹீல். நான் முதல்ல ஃபுல் ஃபுட் வாங்கி, அளவு ஒரு நூல் இறுக்கம், இருபதாவது நிமிஷத்துல ஆடுதசை பிடிச்சுக்கிச்சு, 12 மீட்டர்ல கால நீட்ட முடியாம என் பட்டி (ஜோடியா கூட இறங்கறவரு) வந்து கால் விரல பிடிச்சு இழுத்து விட்டாரு. நம்ம பக்கத்துக்கு ஓப்பன் ஹீலும் பூட்டியும் (ஃபின்னுக்குள்ள போடற ரப்பர் ஷூ) தான் சரின்னு படுது, ஃபைபர் போட்டுல ஏறி இறங்கும்போதும், கொட்டிக் கெடக்கற கருங்கல்லு மேல நடக்கும்போதும் சிப்பி கால கிழிக்காது. பூட்டிய முதல்ல வாங்குங்க, அதப் போட்டுக்கிட்டே ஃபின்ன போட்டுப் பாருங்க. மாத்தி வாங்குனா ரெண்டுல ஒண்ணு வீணாகும். ஸ்ட்ராப் ஸ்பிரிங்கா இருந்தா இன்னும் நல்லது, ரப்பர் ஸ்ட்ராப் ஒருநாள் போட்டுல கடைசி நிமிஷத்துல அறுந்து அன்னைக்கு டைவே போயிடும்.

வெட்சூட் (உடம்ப மூடற ரப்பர் உடை) இப்போதைக்கு வாடகையே போதும், ஆனா உங்களுக்கு குளிரும்னா 3 மில்லிமீட்டர் ஒண்ணு பின்னாடி வாங்கிக்கோங்க. நம்ம கடல் 27, 28 டிகிரி இருக்கும், வெதுவெதுப்புதான், இருந்தாலும் காத்த விட தண்ணி இருபது மடங்குக்கு மேல வேகமா சூட்ட இழுத்துடும், ரெண்டாவது டைவ்ல பல்லு கிட்டும். குளிருக்காக இல்லன்னாலும் சொறிக்காகவாவது (ஜெல்லிமீன்) முழுக்கை வேணும், சில மாசம் சொறி கூட்டமா வரும், கழுத்துல ஒரு தடவ பட்டாலே மூணு நாளைக்கு எரியும்.

எல்லாத்தையும் விட கழுவற விஷயம். நம்ம ஏரியாவுல தண்ணி லாரிக்கு குடத்தோட நிக்கறவங்க நாம, சாமான் கழுவ டேங்க் டேங்கா ஊத்த முடியாது. நான் ஒரே ஒரு பக்கெட்டுலதான் கழுவறேன், வரிசை மட்டும் மாத்தக்கூடாது. முதல்ல மாஸ்க், அப்புறம் கையில கட்டற டைவ் கம்ப்யூட்டர், பத்து நிமிஷம் ஊறணும் அதுல பட்டன் அழுத்தக்கூடாது. அதுக்கப்புறம் ஃபின், கடைசியா பூட்டியும் வெட்சூட்டும், ஏன்னா நாத்தம் அதுலதான். போர் தண்ணி வேணாம், எங்க தெரு போர் தண்ணியே உப்பு, காஞ்சா வெள்ளையா படியுது, மெட்ரோ தண்ணிதான். காய வைக்கறது மொட்டைமாடியில கிடையாது. எங்க அம்மா நல்லதுன்னு நினைச்சு என் வெட்சூட்ட வத்தல் காயற கயித்துல மே மாச வெயில்ல போட்டுட்டாங்க, சாயங்காலம் எடுத்தப்போ தோள்பட்டையில மடிச்ச இடம் காஞ்ச அப்பளம் மாதிரி இறுகி இருந்துச்சு, ரெண்டே மாசத்துல அங்கயே கீறல் விட்டுச்சு. நிழல்ல, காத்து வர்ற இடத்துல, உள்பக்கம் வெளிய திருப்பிப் போடணும்.

டோல்கேட்_பையன்:

அக்கா இந்த பக்கெட் வரிசைய நான் நோட்ல எழுதி வெச்சுட்டேன். எர்ணாவூர் அண்ணே, அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவரு ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு "அந்த போட்டு கம்ப்ரசர் பக்கமே போகாத"ன்னு மட்டும் சொன்னாரு. ஒத்தமூச்சு அண்ணா, அப்போ எச்சரிக்கை பண்ற சாமான்னு சொன்னீங்களே, அது கம்ப்யூட்டர்தானே? கோர்ஸ்ல எந்த ஆழத்துல எத்தன நிமிஷம் இருக்கலாம்னு பாக்கற டேபிள் சொல்லிக் குடுத்தாங்க, குரூப்புல போகும்போது டைவ்மாஸ்டர் கையில கம்ப்யூட்டர் இருக்கே, எனக்கும் தனியா வேணுமா?

ஒத்தமூச்சு:

தனியா வேணும், இதுல பேச்சே இல்ல. நான் டைவ்மாஸ்டரா சொல்றேன், என் கையில இருக்கற கம்ப்யூட்டர் என் ஒடம்புக்கு கணக்கு போடுது. நான் 14 மீட்டர்ல நிக்கும்போது நீ ஒரு மீனு பின்னாடி 17க்கு போயிருப்ப, நேத்து நீ ரெண்டு டைவ் பண்ணியிருப்ப நான் பண்ணியிருக்க மாட்டேன். உன் ஒடம்புல எவ்ளோ நைட்ரஜன் ஏறியிருக்குன்னு உன் கையில கட்டியிருக்கறதுக்கு மட்டும்தான் தெரியும். அதோட பெரிய உபகாரம் மேல வரும்போது, நிமிஷத்துக்கு 9, 10 மீட்டருக்கு மேல வேகமா ஏறுனா கத்தும், 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்கறதுக்கு அதுவே எண்ணி காட்டும். அந்த மூணு நிமிஷம் எர்ணாவூர் அண்ணனோட மாமாவுக்கு யாரும் குடுக்கல. பெரிய எழுத்து, ஒரே பட்டன் ரெண்டு பட்டன் இருக்கற ஆரம்ப மாடல் போதும், மாரெஸ் பக், கிரெஸ்ஸி லியனார்டோ இந்த வரிசையில எதுவா இருந்தாலும் சரி. நீயே பேட்டரி மாத்தக்கூடியதா பாரு, வாட்ச் மாதிரி அழகா இருக்கறது பின்னாடி பாத்துக்கலாம். அந்தமான் போனா கடைசி டைவுக்கு அப்புறம் 18 மணி நேரம் ஃபிளைட் ஏறக்கூடாது, அந்த கணக்கையும் அதுவே காட்டும்.

அடுத்தது எஸ்.எம்.பி., ஆரஞ்சு கலர்ல ஊதுனா ஆளுயரம் நிக்கற டியூப், கூட ஒரு ரீல், ஒரு விசில். நம்ம பக்கம் அலை கொஞ்சம் எழும்புனாலே முப்பது மீட்டர் தள்ளி இருக்கற தலை போட்டுக்காரன் கண்ணுக்கு தெரியாது, வேற லாஞ்சும் ஃபைபரும் குறுக்கும் நெடுக்குமா ஓடுது. ரீல்ல நூல் விட்டு மேல அனுப்பறத முதல்ல குளத்துல பழகிட்டு கடல்ல பண்ணு, நூல் கையில சுத்திக்கிட்டு ஆளையே மேல இழுத்துட்டுப் போனத பாத்திருக்கேன்.

அப்புறம் வெட்டற சாமான். உங்க அப்பா சொன்ன அதே பார்தான் தம்பி, வலை மாட்டற இடம். மாட்டி அறுந்த வலையெல்லாம் அங்கதான் கிடக்கு, பத்து வருஷம் பழசா இருந்தாலும் நைலான் மக்காது, தண்ணிக்குள்ள தங்கூசி நூல் கண்ணுக்கே தெரியாது. போன வருஷம் நண்டு வலை ஒண்ணு என் சிலிண்டர் வால்வுல பின்பக்கம் மாட்டிக்கிச்சு, முன்னாடி போக முடியல, திரும்புனா இன்னும் சுத்துது. அசையாம நின்னு, நெஞ்சுக்கிட்ட மாட்டியிருந்த கத்திரிய எடுத்து, கைய பின்னாடி விட்டு ஒவ்வொரு கண்ணியா வெட்டுனேன், மொத்தம் ஏழு வெட்டு, ரெண்டு நிமிஷம்கூட இருக்காது ஆனா இன்னைக்கும் அந்த சத்தம் காதுல இருக்கு. பெரிய கத்தி வேணாம். ஆம்புலன்ஸ்ல துணி வெட்டறதுக்கு வெச்சிருக்கற மழுங்கல் மூக்கு கத்திரி பாரிஸ்ல சர்ஜிகல் சாமான் விக்கற கடைங்கள்ல சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும், தங்கூசியும் வெட்டும் கயிறும் வெட்டும். துரு பிடிக்கும், வருஷத்துக்கு ஒண்ணு மாத்திக்கோ. கைக்கு எட்டற இடத்துல, ரெண்டு கையாலயும் எடுக்கற மாதிரி மாட்டு. கால்ல கட்டாத.

இதெல்லாம் கூட்டிப்பாத்தா பவர் லென்ஸோட மாஸ்க், பூட்டி, ஃபின், கம்ப்யூட்டர், எஸ்.எம்.பி., கத்திரி எல்லாம் உன் 45க்குள்ள அடங்கி கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்துல டைவ் போ. டைவிங் இன்சூரன்ஸ் ஒண்ணும் எடு, டான் மாதிரி டைவருக்குன்னே இருக்கறது. ஜாக்கெட்ட வாடகைக்கு வேற வேற மாடல் போட்டுப் பாரு, ஒரு இருபது டைவ்ல உனக்கே தெரியும் எது உன்ன மல்லாக்க தள்ளுது எது நேரா வெச்சிருக்குன்னு.

சொந்தக்காரர் போட்டுல பாருக்கு போறத பத்தி. ஆச எனக்குப் புரியுது, எனக்கும் எங்க அப்பா அப்படி ஒரு இடம் சொல்லியிருக்காரு. ஆனா தனியா போகாத. உன்ன விட அனுபவம் உள்ள ஒருத்தர் கூட இறங்கணும், போட்டுல டைவ் கொடி இருக்கணும், கீழ ஆள் இருக்கும்போது எஞ்சின் ஓடக்கூடாதுன்னு ஓட்டறவருக்கு தெரியணும். துறைமுக எல்லைக்குள்ளயும் கப்பல் வர்ற பாதையிலயும் இறங்கவே கூடாது, நம்ம பக்கம் சென்னை துறைமுகம், காமராஜர், காட்டுப்பள்ளின்னு மூணு இருக்கு. ஐப்பசி கார்த்திகையில கொசஸ்தலை ஆத்து சேறு எண்ணூர் வழியா வந்து கலங்கல் ஆயிடும், கை நீட்டுனா விரல் தெரியாது, அப்போ போகாத. நீ சொல்ற ஏப்ரல் மே சரியான நேரம்தான்.

டோல்கேட்_பையன்:

ஞாயித்துக்கிழமை போனேன். அந்த ஆளு கடை திண்ணையிலயே ரெகுலேட்டர வெச்சிருந்தாரு. கேப்ப கழட்டி ஃபோன் லைட்ட அடிச்சேன். வடிகட்டி ஓரம் முழுக்க பச்சை, நம்ம கோயில் பித்தள குத்துவிளக்கு புளி போடாம விட்டா வருமே அதே பச்சை. நடுவுல மட்டும் கொஞ்சம் மங்கலா வெள்ளை. சிலிண்டர் கழுத்துல பெயின்ட் அடிச்சு தேதிய மறைச்சிருந்துச்சு, நகத்தால சுரண்டுனதும் கடைசியா 2009னு தெரிஞ்சுது. நான் எதுவும் சண்ட போடல, வேணாம்ணேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவருக்கே அது தெரியாதுன்னுதான் நினைக்கறேன், அதனால ஏன் வேணாம்னும் சொல்லிட்டு வந்தேன், வேற யாராவது வாங்கிடக்கூடாதுல்ல.

நேத்து லீவு போட்டு ஈ.சி.ஆர். பக்கம் ஒரு கடைக்கு போயி எட்டு மாஸ்க் போட்டுப் பாத்தேன், மீசைய நீங்க சொன்ன மாதிரி மேல மட்டும் எடுத்துட்டு போனேன். விலை ஜாஸ்தியா இருந்த ரெண்டும் கைய எடுத்ததும் விழுந்துடுச்சு. ஆறாவதா போட்டது கருப்பு சிலிக்கான், ரெண்டு ஜன்னல், கைய எடுத்தும் நின்னுச்சு, வாய திறந்தும் நின்னுச்சு, கடைக்காரர் பேசிட்டே இருக்கார் நான் மூச்ச விடாம நின்னுட்டு இருக்கேன். லென்ஸ் வர ஒரு வாரம் ஆகும்னாரு. பூட்டியும் எடுத்துட்டேன். ஒரே ஒரு கேள்வி, டூத்பேஸ்ட் தேய்க்கறது பவர் லென்ஸ் மாட்டறதுக்கு முன்னாடியா அப்புறமா?

உப்புக்காத்து:

மாட்டுனதுக்கு அப்புறம் தம்பி, புது லென்ஸ்லயும் அதே படலம் இருக்கும். பழைய கிளாஸ தேச்சு பிரயோஜனம் இல்ல.

எர்ணாவூர்காரன்:

பாருக்கு போறச்சொல்லோ சொல்லு பா. நானும் போட்டுல வரேன், எறங்க மாட்டேன், மேல குந்தினு ஒங்க அப்பா கூட கொடிய பாத்துக்கறேன்.